ரோதைமுனியின் இடமாற்றம்

ஊசிமலைத் தோட்டத்து ஸ்டோரில் வேலை முடிந்ததும் சோலைமலை நேரே வீட்டுக்குப் போகமாட்டார். வாசலில் குழாய் வழியே விழும் பீலித் தண்ணீரில் இரண்டு கைகளையும் விரித்துப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். தேயிலைக் கறை போவதற்காக அல்ல. அந்தக் கறை சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பத்து விரலும் பத்திரமாக இருப்பதைப் பார்த்துக்கொள்வதற்காக. பார்த்துவிட்டு "போதும் சாமி" என்பார். பதினெட்டு வருடமாக அவருடைய சாயங்காலப் பூசை அவ்வளவுதான்.

அக்கரப்பத்தனைப் பக்கத்தில் தேயிலை ஆலையை ஸ்டோர் என்பார்கள். வாடிய கொழுந்தைக் கசக்கிச் சுருட்டும் இயந்திரத்துக்கு ரோதை என்று பெயர். ஊசிமலை ஸ்டோரில் மூன்று ரோதைகள் இருந்தன; அவற்றில் பெரியது சோலைமலையின் பொறுப்பு. மேலே கொழுந்தைக் கொட்டித் திருகை இறுக்கினால் அது பித்தளை மேசைமேல் வட்டமடித்து வட்டமடித்துக் கொழுந்தைப் பிசையும். அடியில் ஒரு கதவு. பிசைந்து முடிந்ததும் அதைத் திறந்தால் பச்சை வாசனையோடு கொழுந்து கீழே விழும். தள்ளி நின்று பார்க்கிறவர்களுக்கு யாரோ நிதானமாக மாவு பிசைகிற மாதிரி இருக்கும். கிட்டே நின்று வேலை செய்கிறவனுக்குத்தான் அதன் குணம் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டாம் வருடம் அந்த ரோதை ஒருவனுடைய இரண்டு விரல்களை எடுத்துவிட்டது. அடுத்த வாரமே ஸ்டோர் ஆட்கள் கூடி, ஆற்றிலிருந்து ஒரு கருங்கல்லைக் கொண்டுவந்து, ரோதைக்குப் பக்கத்து மூலையில் நட்டு, மஞ்சள் பூசி, ஒரு சாண் உயரத்தில் சூலம் ஒன்றையும் குத்தி வைத்தார்கள். அவர்தான் ரோதைமுனி. இரும்புக்குள்ளே குடியிருந்து மனிதக் கையைக் காப்பது அவர் வேலை. விடிவதற்கு முன்னால் ஸ்டோருக்கு வந்து பூசை செய்ய முடியாது என்று லயம் என்ற தொழிலாளர் குடியிருப்பின் கோயில் பூசாரி சொல்லிவிட்டதால், பெரிய ரோதையில் நிற்பவனே சூடம் கொளுத்த வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. விரல் போனவனுக்குப் பதிலாக வந்து நின்றவர் சோலைமலை. முதல் கொழுந்தில் ஒரு சிட்டிகை எடுத்துக் கல்லின்மேல் வைத்து, சூடம் காட்டிய பிறகுதான் ரோதையை ஓடவிடுவார். அதன்பின் ஊசிமலையில் ஒரு விரலும் போகவில்லை.

முனி தன் வேலையைச் செய்தார். கம்பனிதான் செய்யவில்லை.

சோலைமலைக்குக் கோபம் என்று ஒன்று இருந்தால் அது இந்த இடத்தில்தான் இருந்தது. ரோதையின் அடிக்கதவுக் கொக்கி ஐம்பத்தொன்றிலேயே தேய்ந்துவிட்டது. திருகை இறுக்கினால் கதவு படக்கென்று திறந்துகொள்ளும். பதறிப்போய் அதை மூடக் கை நீட்டுகிறவனின் கை, சுற்றிவரும் இரும்புக்கு வழியில் நிற்கும். புதுக் கொக்கி கேட்டுக் கொழும்புக்கு எழுதினார்கள். யோசிக்கிறோம் என்று பதில் வந்தது. ஒன்பது வருடமாக யோசித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் சோலைமலை பழைய தேயிலைத் தூர் ஒன்றை வெட்டிக் காயவைத்து, கைக்கு அடக்கமாக ஒரு ஆப்புக்கட்டை செதுக்கிக்கொண்டார். கதவின் இடப்பக்க இடுக்கில் அதைச் சாய்த்து இரண்டு தட்டுத் தட்டினால், கதவு அசையாது. நேராக அடித்தால் நிற்காது. சாய்த்து அடிக்க வேண்டும்.

ரோதைக் கங்காணி வேலை காலியாகும்போது அது உனக்குத்தான் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். பழைய கங்காணி வேலையை விட்டுப் போனபோது, கங்காணி என்ற வேலையையே எடுத்துவிட்டார்கள். சுற்றியிருந்த தோட்டங்களில் கிழட்டுச் செடிகளைப் பிடுங்கிப் புதுக்கன்று வைத்துக்கொண்டிருந்தார்கள். ஊசிமலையில் பாட்டன் காலத்துச் செடிகள் முள்ளாய் நின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொழும்பிலிருந்து மேற்பார்வைத் துரை வருவார். தொப்பியைக் கழற்றாமல் சுற்றிப் பார்ப்பார். சின்னப் புத்தகத்தில் எதையோ எழுதிக்கொண்டு போவார். அவர் வந்துபோன பின் யாருக்காவது வேலை போகும். ஐம்பத்தேழில் பன்னிரண்டு பேர். ஐம்பத்தொன்பதில் எட்டுப் பேர். ஒவ்வொரு தடவையும் இதோடு சரி என்றார்கள். கவ்வாத்து வெட்டுகிறவன்கூட அடுத்து எந்தக் கணுவில் துளிர்க்கும் என்று பார்த்துத்தான் கத்தியை வைப்பான் என்று சோலைமலை நினைத்துக்கொள்வார். நினைத்ததோடு சரி. யாரிடமும் சொன்னதில்லை.

அறுபதாம் வருடம் மாசி மாதத்தில், ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டில் கடதாசி வாசித்தார்கள். ஊசிமலை ஸ்டோரை மூடுகிறார்கள். கொழுந்து இனி லொறியில் ஐந்து மைல் தள்ளியிருக்கும் ஆத்துக்கரைத் தோட்டத்துக்குப் போகும்; அதுவும் அதே கம்பனியின் தோட்டம்தான். பெரிய ரோதையையும் கழற்றி அங்கேதான் கொண்டுபோவார்கள். ஸ்டோரில் இருந்த முப்பத்தொரு பேரில், நாற்பது வயதுக்குக் கீழே உள்ள பதினோரு பேருக்கு மலையில் வேலை. மற்ற இருபது பேரின் பெயர்களை மாத முடிவோடு செக்ரோல் என்ற சம்பளப் பட்டியலில் இருந்து வெட்டிவிடுவார்கள். சோலைமலைக்கு நாற்பத்து நான்கு வயது.

பிரஜாவுரிமைக்கு அவர் போட்ட மனு பத்து வருடமாக அரசாங்கக் கச்சேரியில் கிடந்தது. அந்தக் கடதாசி கையில் இல்லாதவனுக்கு வெளியே எவன் வேலை கொடுப்பான்? செக்ரோலில் இருக்கும் வரிதான் அவனுக்கு ஊர், நாடு எல்லாம். அந்த வரி போனால், மனைவி பேச்சியம்மா பறிக்கும் கொழுந்தின் நிழலில் உட்கார்ந்து சாப்பிடும் ஆளாகிவிடுவார் அவர்.

தொழிற்சங்கத் தலைவர் கணேசமூர்த்தி இருபது பேரையும் கூட்டிக்கொண்டு ஆத்துக்கரை பங்களாவுக்குப் போனார். இரண்டு தோட்டத்துக்கும் இனி ஆத்துக்கரைப் பெரியதுரைதான் துரை. கணேசமூர்த்தி நன்றாகவே பேசினார். சட்டம் சொன்னார், நஷ்டஈடு கேட்டார், பழைய ஒப்பந்தங்களை எடுத்துக் காட்டினார். துரை எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். போகலாம் என்று எல்லோரும் திரும்பும்போதுதான், பின்வரிசையில் தலைப்பாகையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற சோலைமலை வாய் திறந்தார்.

"தொரை, போன போன தடவ பன்னெண்டு பேர வெட்டுனீங்க. அப்பறம் எட்டுப் பேரு. இப்ப ஸ்டோரையே மூடுறீங்க. எல்லாத்தயும் வெட்டி முடிஞ்சப்பறம் என்ன செய்யிறதா இருக்கீங்கன்னு ஒரு வார்த்த சொன்னா, நாங்களும் மனசத் தேத்திக்கிருவோங்க."

துரை ஜன்னல் பக்கம் பார்த்தார். அதுபற்றிக் கொழும்பில் இன்னும் ஒன்றும் முடிவு செய்யவில்லை என்று தமக்குத் தெரிந்த உடைந்த தமிழில் சொன்னார்.

அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. சோலைமலையை அதுதான் கலங்கடித்தது. ஏதோ ஒரு பெரிய திட்டம் இருக்கிறது, அதில் நமக்கு இடமில்லை என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். திட்டமே இல்லாமல் வெட்டுகிறார்கள் என்றால், இந்தப் பதினெட்டு வருடமும் எதன்மேல் நின்றோம்?

ரோதையைக் கழற்ற ஹட்டனிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முனியிடம் உத்தரவு கேட்காமல் இரும்பில் கைவைக்க விடமாட்டோம் என்று ஸ்டோர் ஆட்கள் வழிமறித்தார்கள். சோலைமலை சூடம் காட்டினார். அடுத்தது கல்லையும் பெயர்த்து ரோதையோடு அனுப்ப வேண்டும், முறை அதுதான். அப்போதுதான் ஆண்டியப்பன் குறுக்கே வந்தான். அவனும் பெயர் வெட்டப்பட்ட இருபது பேரில் ஒருவன், ஸ்டோரில் தூள் சலிக்கிறவன், வாய்க்காரன்.

"ரோதய வேணும்னா கொண்டு போகட்டும். நம்ம முனிய எதுக்குக் குடுக்கணும்? அவரு பேரு என்ன செக்ரோல்லயா இருக்கு, மாத்தி அனுப்புறதுக்கு? இங்கயே இருக்கட்டும். போற எடத்துல அது எப்படிச் சுத்துதுன்னு பாப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். கடதாசி வாசித்த நாளுக்குப் பிறகு அந்த இடத்தில் கேட்ட முதல் சிரிப்பு. சோலைமலையும் சிரித்தார். சரி, இருக்கட்டும் என்றார். ஒரு இயந்திரம் கெட்டுப்போக வேண்டும் என்று அவர் அதற்குமுன் ஆசைப்பட்டதில்லை.

அதோடு விட்டாரா என்றால், இல்லை. ரோதையின் அடிக்கதவைக் கழற்றியபோது ஆப்புக்கட்டை தரையில் விழுந்தது. ஹட்டன் ஆட்கள் அதை ஏதோ விறகுத் துண்டு என்று காலால் தள்ளினார்கள். சோலைமலை குனிந்து எடுத்து மடியில் சொருகிக்கொண்டார். அது எதற்கு என்று அவர்களிடம் சொல்லவில்லை. கல்லை அனுப்பாமல் நிறுத்தி வைத்தது ஊருக்கே தெரியும். கட்டையை எடுத்து வைத்தது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

வேலையில்லாத ஆம்பிளைக்கு லயத்தில் காலை ஒன்பது மணி மாதிரிக் கொடியது எதுவும் இல்லை. பெண்கள் கூடையோடு போய்விடுவார்கள். பிள்ளைகள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போய்விடும். வரிசையாகப் பூட்டிக் கிடக்கும் காம்பரா அறைகளின் முன்னால் கோழிகளும் அவரும்தான். முதல் வாரம் கூரைத் தகரத்தைச் சரிசெய்தார். இரண்டாம் வாரம் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். பேச்சியம்மா மாலையில் வந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு வெளுப்பாவா இருந்துச்சு இந்தச் சட்டி? கலியாணமான நாள்லருந்து எனக்குத் தெரியாதுங்களே" என்றாள். அவர் சிரிக்கட்டும் என்றுதான் சொன்னாள். அவரும் சிரித்துவைத்தார்.

ரோதை போய்ப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, கொழுந்து லொறி ஓட்டுகிறவன் சேதி கொண்டுவந்தான். ஆத்துக்கரையில் பெரிய ரோதை சரியாக ஓடவில்லை. திருகை இறுக்கினால் கதவு திறந்துகொள்கிறது. பாதி கசங்கிய கொழுந்து தரையெல்லாம் கொட்டுகிறது. முனி வரவில்லை என்ற கதை அதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ரோதையில் நிற்கும் நாலு பேரும் கிட்டே போகப் பயப்படுகிறார்கள்.

ஊசிமலை லயத்தில் அன்றைக்குத் தீபாவளி மாதிரி இருந்தது. ஆண்டியப்பன் முனி கல்லுக்குத் தேங்காய் உடைத்தான். கணேசமூர்த்தி நிதானமான ஆள். அவர்கூட சோலைமலையைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னும் இரண்டு நாள் பேசாமல் இருங்கள், ஆள் அனுப்பி உங்களைக் கூப்பிடுவார்கள், அப்போது முதலில் பெயரைப் பதியச் சொல்லிக் கேட்போம், அதன் பிறகு போய் ரோதையைத் தொட்டால் போதும் என்றார். அதில் ஒரு தப்பும் இல்லை. சோலைமலையின் கையில் இருந்த ஒரே பிடி அதுதான்.

மறுநாள் லொறிக்காரன் மிச்சத்தையும் சொன்னான். வேலைக்குப் போகாவிட்டால் நாலு பேரின் பெயரையும் வெட்டிவிடுவோம் என்று அங்கே சொல்லிவிட்டார்களாம். அவர்கள் பயந்து பயந்து நிற்கிறார்களாம். சிவசாமி என்று ஒருவன், திறந்த கதவை மூடக் கை நீட்டியிருக்கிறான். நடுவிரல் நகம் பிய்ந்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு இன்றைக்கும் அதே இடத்தில்தான் நிற்கிறான்.

சோலைமலை காம்பராவுக்குள் வந்து உட்கார்ந்தார். பேச்சியம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவர் மடியிலிருந்து கட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அது என்ன, எங்கே பொருத்துவது, எப்படித் தம்மிடம் வந்தது என்று எல்லாவற்றையும் சொன்னார். அவள் கை மாவிலேயே நின்றது.

"ரெண்டு நாள் பொறுத்தா எம்பேரு திரும்பி வரும்னு தலைவர் சொல்றாரு" என்றார்.

"அந்தாளு வெரலு திரும்பி வருமாங்க?" என்றாள் பேச்சியம்மா. பிறகு, அதிகம் பேசிவிட்டோமோ என்று நினைத்தவளைப் போல, "வெள்ளன கெளம்புங்க. ரொட்டி சுட்டுக் கட்டித் தாறேன்" என்றாள்.

காலையில் கல்லையும் சூலத்தையும் பெயர்த்துக் கம்பளியில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். கல் நினைத்ததைவிடக் கனத்தது. பாலத்தடியில் ஆண்டியப்பன் பார்த்துவிட்டான்.

"எங்க கெளம்பிட்டீங்க, முனியப் பள்ளிக்கூடத்துல சேக்கவா?"

சோலைமலை நடந்துகொண்டே இருந்தார். அவன் பின்னாலேயே வந்தான். நம்ம இருபது பேர் வயிற்றில் அடித்தவனுக்குச் சாமியைத் தூக்கிக்கொண்டு போகிறீரே, சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறீரா என்று வழியெல்லாம் திட்டினான். பத்தனைப் புல்வெளி ஏற்றத்தில் சோலைமலைக்கு மூச்சு வாங்கியது. இரண்டு தடவை கல்லை இறக்கிவைத்தார். மூன்றாம் தடவை இறக்கியபோது ஆண்டியப்பன் அதை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டான்.

"முனிக்காகத் தூக்குறேன். ஒங்களுக்காக இல்ல" என்றான்.

சிவசாமியின் நகத்தைப் பற்றிச் சோலைமலை அப்போதுதான் அவனிடம் சொன்னார். அவன் ஆத்துக்கரை ஸ்டோரின் புகைபோக்கி தெரிகிற இடம்வரை தூக்கிவந்து இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிப் போனான்.

ஆத்துக்கரை ஸ்டோரில் அந்த நாலு பேரும் அவரை எப்படி வரவேற்பது என்று தெரியாமல் நின்றார்கள். சிவசாமிக்கும் ஏறக்குறைய அவர் வயதுதான் இருக்கும். கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தான். மற்றவர்கள் லெட்சுமணன், அழகன், பழனியாண்டி. கம்பளிக்குள்ளிருந்து கல் வெளியே வந்ததும் நாலு பேர் முகமும் மாறியது. ஓடிப்போய் மண்வெட்டி கொண்டுவந்தார்கள். மூலையில் குழி தோண்டினார்கள். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் முத்துலிங்கம் ஐயா வாசலில் நின்று பார்த்தார், தடுக்கவில்லை. கல்லை நட்டு, சூலம் குத்தி, கொழுந்து வைத்துச் சூடம் காட்டினார் சோலைமலை. நாலு பேரும் சூடத்தைத் தொட்டு ரோதையின் இரும்பிலும் தங்கள் கண்களிலும் ஒற்றிக்கொண்டார்கள்.

இனி ரோதையை ஓட்ட வேண்டும். கட்டை மடியில் உறுத்தியது.

யாரும் பார்க்காமல் குனிந்து அதைச் செருகிவிடுவது பெரிய காரியமில்லை. கதவு நின்றால் முனி வந்ததால் நின்றது என்றுதான் நினைப்பார்கள். மாலையில் கட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டால், நாளைக்கும் அவர் வந்தாக வேண்டும்; நாளை மறுநாளும். கணேசமூர்த்தி சொன்னதைவிட இது நல்ல பிடி. சோலைமலை சிவசாமியின் கையைப் பார்த்தார். துணியில் தேயிலைக் கறையும் ரத்தக் கறையும் ஒரே நிறமாகக் காய்ந்திருந்தன.

கட்டையை வெளியே எடுத்து நாலு பேருக்கும் நடுவில் நீட்டினார்.

"முனி ஒங்க கையப் பாத்துக்குவாரு. கதவப் பாத்துக்கிறது இந்தக் கட்டதான். கழட்டுன அன்னைக்கே இத அனுப்பியிருக்கணும். கோவத்துல எடுத்து வச்சுக்கிட்டேன். தப்பு என்னுதுதான், மன்னிச்சுக்கங்க."

சிவசாமி கட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சோலைமலை குந்தி உட்கார்ந்து, இடப்பக்க இடுக்கில் சாய்த்து வைத்து, இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார். பிறகு கழற்றி அவனிடம் கொடுத்தார். அவன் ஒரே தடவையில் சரியாக அடித்தான். ரோதை ஓடியது. திருகை இறுக்கினார்கள். கதவு அசையவில்லை.

முத்துலிங்கம் ஐயா வந்து கொழுந்தை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்து மனிதர், முகத்தில் எதையும் காட்டமாட்டார்.

"நல்லாய்த்தான் இருக்கு. பெரிய உபகாரம், சோலைமலை. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்" என்றார்.

அவ்வளவுதான். ஐந்து மைல் நடந்து வந்ததற்கு அதுதான் முடிவு. சோலைமலை கம்பளியை உதறி மடித்தார். வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியிருந்தது. வாசலைத் தாண்டிப் பத்தடி போயிருப்பார். பின்னால் படக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் அவருக்கு உறக்கத்திலும் தெரியும். கதவு திறந்து கொழுந்து தரையில் கொட்டுகிற சத்தம்.

திரும்பி ஓடிவந்தார். ரோதையை நிறுத்தியிருந்தார்கள். கட்டை சிவசாமியின் நல்ல கையில் இருந்தது.

"எங்க கையில நிக்கலீங்கையா" என்றான் சிவசாமி, டீமேக்கரைப் பார்த்து.

"இப்ப நீர்தானே அடிச்சீர்? நிண்டதே!"

"அப்ப அவரு பக்கத்துல இருந்தாருங்க. அவரு வாசலத் தாண்டுனாரு, இது கழண்டுக்கிருச்சு."

லெட்சுமணன் ஆமாங்க என்றான். அழகன் தானும் அடித்துப் பார்த்ததாகச் சொன்னான். அவன் கட்டையைத் தொடக்கூட இல்லை. பழனியாண்டி முனி கல்லைப் பார்த்துக் கும்பிட்டபடி, இந்த ஆள் இல்லாமல் நாங்கள் ரோதைக்குக் கிட்டப் போகமாட்டோம், பெயரை வெட்டினாலும் சரி என்றான்.

சோலைமலை ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிவசாமி கட்டுப் போட்ட கையால் அவர் முழங்கையை மெதுவாக இடித்தான்.

முத்துலிங்கம் ஐயா கட்டையை வாங்கிப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். நாலு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இருபத்தைந்து வருடம் ஸ்டோரில் இருந்தவர். எது தானாகக் கழன்றது, எது கை கழற்றியது என்று அவருக்குத் தெரியாதா? மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"கொம்பனிக்கு முனியைப் பற்றி எழுத ஏலாது. கட்டையைப் பற்றியும் எழுத ஏலாது. பெரிய ரோதைக்கு அனுபவமுள்ள ஆள் ஒண்டு கட்டாயம் வேணும் எண்டு எழுதுறன். துரை கையெழுத்து வைப்பார். அவருக்குத் தூள் வேணும்" என்று சொல்லிவிட்டு, கதவைப் பூட்டி மெஷினை ஓட்டுங்கோ என்று கையைக் காட்டியபடி உள்ளே போனார்.

துரை கையெழுத்து வைக்க நாலு நாளாயிற்று. ஐந்தாம் நாள் காலையில் ஆத்துக்கரைப் பெரட்டில், பட்டியலின் கடைசியில் சோலைமலையின் பெயரைக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு ரோதைக்குப் பக்கத்தில் நிற்கும்போது சிவசாமியிடம் கேட்டார், முன்பின் தெரியாத எனக்காக ஏன் அப்படிச் செய்தாய், துரை கோபித்து உன் பெயரையும் சேர்த்து வெட்டியிருந்தால் என்ன ஆவது என்று.

சிவசாமி கொழுந்துச் சாக்கின் வாயை அவிழ்த்துக்கொண்டே சொன்னான். "ரோத வந்து எறங்குன அன்னைக்கு எம் பொஞ்சாதி கேட்டா, இத இத்தன வருசமா ஓட்டுன ஆளு எங்கன்னு. எனக்குத் தெரியல. கேக்கவும் தோணல. பொறவு நீங்க கல்லத் தூக்கிக்கிட்டு வந்து நின்னீங்க."

சோலைமலை அவன் தூக்கப்போன சாக்கைப் பிடுங்கித் தாமே மேலே கொட்டினார். நகம் முளைத்து வரும்வரை சிவசாமியை ஒரு சாக்கும் தூக்கவிடவில்லை.

மற்றப் பத்தொன்பது பேருக்கு அப்படி யாரும் கட்டையைக் கழற்றவில்லை. ஆண்டியப்பன் ஹட்டனில் ஒரு கடையில் மூட்டை தூக்கப் போனான். சிலர் பொகவந்தலாவைப் பக்கம் உறவுக்காரர் தோட்டங்களில் அன்றாடக் கூலிக்கு நின்றார்கள். இரண்டு பேர் இந்தியாவுக்கே கப்பலேறிவிட்டார்கள். கம்பனி அதன்பிறகும் என்ன செய்யப்போகிறது என்று யாருக்கும் சொல்லவில்லை. அறுபத்திரண்டில் ஆத்துக்கரையிலும் ஏழு பேரை வெட்டினார்கள். கணேசமூர்த்தியோடு பங்களா வாசலில் போய் நின்றவர்களில், இந்தத் தடவை முன்வரிசையில் சோலைமலை நின்றார்.

லயத்தில் சின்னச்சிறிசுகள் அவரிடம் பேச்சு வாக்கில், கம்பனி உங்களை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டதே, அதிர்ஷ்டக்காரர்தான் என்பார்கள். அவருக்குச் சட்டென்று முகம் மாறிவிடும்.

"கம்பனியா எடுத்துச்சு? இவங்க எடுத்தாங்கப்பா" என்பார். விரலை மடக்கி, ஒரு பெயரும் விடாமல், சத்தமாகச் சொல்வார்: "சிவசாமி. லெட்சுமணன். அழகன். பழனியாண்டி."